குகைக்குள் சம்பந்தியும் நானும்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான், உன் அம்மா, உன் மாமனார், மாமியார் நால்வரும் சுண்ணாம்புக் குகை பார்த்துவிட்டுக் கை கால் முழுசாக விடுதிக்குத் திரும்பிவிட்டோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ பதறிக்கொண்டு கடைசிப் பத்திக்குத் தாவிவிடுவாய். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பேச்சு கொஞ்சம் ஆழமாகப் போனாலே "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இந்தப் பயணம் உன் அம்மாவின் யோசனை. கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டாரோடு எங்கேயுமே போனதில்லை, ஒரு தடவை சேர்ந்து போய் வருவோம் என்றாள். உன் மாமியாரும் உடனே சரி என்றாராம். முழங்கால் வலிக்காரிகள் இரண்டு பேர் குகை பார்க்கத் துடிக்கிறார்கள் என்றபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

உன் மாமாதான் உனக்குத் தெரியுமே, காலமெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து வழி நெடுக இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கடைசியில் டிரைவர், "ஐயா, நீங்க மிதிக்கிற மிதில என் வண்டி ஓட்டையாயிடும்" என்றான். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பக்கமே ஒரு தினுசான பூமி. ரோட்டோரச் செடியெல்லாம் வெள்ளைப் புழுதி. வயல்களுக்கு நடுவே வெளுத்த பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன. அவற்றுக்கு இடையில் படுத்திருந்தால் எது ஆடு, எது கல் என்றே தெரியவில்லை. ஓர் ஓடை பார்த்தோம். நன்றாகச் சலசலத்து ஓடிவந்து, ஒரு பள்ளத்தில் இறங்கி அப்படியே மண்ணுக்குள் போய்விடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் குகையின் இன்னொரு வாசலில் வெளியே வருமாம். டீக்கடைக்காரர் சொன்னார். அவருடைய கெட்டிலுக்குள் விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு படிந்திருந்தது. டீ மட்டும் நன்றாக இருந்தது.

குகை வாசலில் படிக்கட்டைப் பார்த்ததும் உன் அம்மா பின்வாங்கிவிட்டாள். "நீங்க போயிட்டு வாங்க, நாங்க அந்தப் பக்க வாசல்ல உக்காந்து காத்து வாங்கறோம்" என்று உன் மாமியாரோடு கிளம்பிவிட்டாள். எங்கள் இரண்டு பேரின் போனும் அவள் கைப்பையிலேயே போய்விட்டன. எங்கள் தலையில் ஆளுக்கொரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து உள்ளே அனுப்பினார்கள்.

வழிகாட்டி ஒரு பெண். ரப்பர் பூட்ஸ், தொண்டை கட்டிய குரல். மேலேயிருந்து சொட்டுகிற தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து படிந்து விழுதுபோல் தொங்குகிறது. ஒரு விரற்கடை வளரவே எத்தனையோ தலைமுறை ஆகுமாம், தொடாதீர்கள் என்றாள். யானை, திரைச்சீலை, காலிஃபிளவர் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். உன் மாமாவுக்கு எல்லாமே வண்டிச் சாமானாகத்தான் தெரிந்தது. ஒன்று கியர் கம்பி, ஒன்று சைலன்சர்.

அடுத்து ஒரு தாழ்வான வழி. குனிந்தே போக வேண்டும். பாதியில் அவருக்கு மூச்சு வாங்கியது. நானும் உடன் நின்றேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து விளக்கு அத்தனையும் அணைந்துவிட்டது.

நான் சப்-ஸ்டேஷனில் வேலை பார்த்தவன். ஊருக்கே வெளிச்சத்தைக் கொடுத்தவன், நிறுத்தியவன். ஆனால் அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். முன்னாலிருந்து அந்தப் பெண், "யாரும் நகராதீங்க, இருக்கிற எடத்துலயே உக்காருங்க, சரி பண்ண ஆள் போயிருக்கு" என்று கத்தினாள். ஈரப் பாறையில் உட்கார்ந்தோம். ஒரு கை துழாவி வந்து என் கையைப் பிடித்தது.

"சம்பந்தி, இருக்கீங்களா?"

"எங்க போறது? இங்கதான் இருக்கேன். ஃபியூஸ்தான் போயிருக்கும், இப்ப வந்துடும்" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. சும்மா ஒரு தைரியத்துக்குச் சொன்னேன்.

எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பயத்தில் பேச்சுக் கொடுக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். "பையனுக்குப் போன் பண்ணி மருமக எங்கடான்னு கேட்டா, கடைக்குப் போயிருக்காங்கறான். காலைல பண்ணினாலும் கடை, ராத்திரி பண்ணினாலும் கடை. அந்த நாட்டுல அப்படி என்னதான் சம்பந்தி விக்கிறாங்க?" என்றார்.

அவருக்கும் என்னுடைய அதே சந்தேகம்தான் என்று புரிந்தது. வெளிச்சமாக இருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அந்த இருட்டில் வாய் தானாகப் பேசிவிட்டது. "எங்க பொண்ணுகிட்ட மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டா, குளிக்கிறார்ங்கறா. மழைக்காலத்துலேர்ந்து குளிச்சிக்கிட்டே இருக்கார்."

 அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு பாறையில் மோதித் திரும்பி வந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் அழுகிறார் என்று தெரிந்தது. என் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. முன்னாலிருந்து யாரோ "அங்க யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல, இருமல்" என்றார் உன் மாமா.

என் இதயத்தில் வைத்த ஸ்டென்ட்டை நினைத்து அவர் தன் சந்தேகத்தை எனக்குச் சொல்லவில்லையாம். அவருடைய ரத்தக் கொதிப்பை நினைத்து நான் அவரிடம் வாய் திறக்கவில்லை. நீ வீடியோவில் பேசும்போது உன் பின்னால் ஆணியில் உன் கோட்டு ஒன்று மட்டும்தான் தொங்கும், வாலு. அதைப் பார்க்கும் நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அவருக்கும் தன் பையன் வீடியோவில் அப்படி ஏதோ ஒன்று.

"உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றார். மாப்பிள்ளை மேல் எனக்கும் இல்லை என்றேன். ஏன், என்ன என்று துருவ வேண்டாம், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம் என்று அங்கேயே பேசி முடித்தோம். நான் அவரோடு அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

விளக்கு வந்தது. இரண்டு பேருடைய ஹெல்மெட்டும் கோணலாக இருந்தது. கையை விடாமலே நடந்தோம்.

அந்தப் பக்க வாசலில், ஓடை வெளியே வருகிற இடத்தில், அம்மாவும் அத்தையும் ஆரஞ்சு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் உன் அம்மா, "பேசிட்டீங்களா? அப்பாடா!" என்றாள். அவர்கள் இருவரும் எப்போதோ பேசி அழுது முடித்துவிட்டார்களாம், இன்றைக்கு அழுதது இரண்டாம் தடவையாம். எங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இந்தப் பயணமே. எனக்குக் கோபம் வரவில்லை. நாள்பட்ட கல்லொன்று நெஞ்சிலிருந்து இறங்கியதுபோல் இருந்தது. இன்றைக்கு எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

உன் மாமா அடுத்த மேசையில் தன் பையனுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் எழுதுவதை நான் பார்க்கவில்லை, நான் எழுதுவதை அவரும் பார்க்கவில்லை. உன் மாமியார் மட்டும் இப்போது வந்து, ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "என்ன ஆனாலும் என்னை அத்தைன்னு கூப்பிடறத மட்டும் நிறுத்திடாதேன்னு எழுதுங்க." எழுதிவிட்டேன்.

நீ தனியாக இருப்பதில் எங்களுக்கு வருத்தமில்லை, கண்ணு. இத்தனை மாதம் இதைத் தனியாகச் சுமந்தாயே என்பதுதான். வரவேண்டும் என்று தோன்றினால் டிக்கெட் எடுத்துவிட்டுச் சொல், விமான நிலையத்துக்கு வந்து நிற்கிறேன். தோன்றாவிட்டால் அங்கேயே இரு. இரண்டில் எது ஆனாலும் நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, தலை நிமிர்ந்து நட. நீ எந்த முடிவு எடுத்தாலும் நீ எங்கள் பெண்.

என்றும் உன் பக்கம் நிற்கும்
அப்பா