காக்காவுக்கு எங்கள் பேச்சு

ஜன. 4, 2021, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். தை பிறக்கப் போகிறது, இன்னும் மழை. கல்வராயன் மலை கண்ணுக்கே தெரியவில்லை. வெட்டிய கரும்பு வயலிலேயே. டிராக்டர் இறங்காது.
வாங்க: உளுந்து, நிலாவுக்கு நோட்டு, சார்ஜர் (மூன்றாவது).
நிலாவுக்குப் போனில்தான் பள்ளிக்கூடம். முடிந்ததும் அதே போனில் கார்ட்டூன். எட்டிப் பார்த்தால், என் அணில்! சின்ன வயதில் மூங்கில்துறைப்பட்டில், சர்க்கரை ஆலைக் குடியிருப்பு டி.வி.யில் ஞாயிறுதோறும் பார்த்தது. அதே அணில், அதே திருட்டுக் காக்கா. புதிதாக எடுத்திருக்கிறார்கள். கண்கள் பெரிதாகிவிட்டன. வால் மினுங்குகிறது. ஆசையாக உட்கார்ந்தேன்.
அணில் செய்தி வாசிப்பவர் போலச் சுத்தத் தமிழ். காக்கா வாயைத் திறந்தது: "இன்னாடா, வூட்ல யாரும் இல்லியா? அல்லாத்தையும் துன்னுகினு போறேன்."
இது என் வீட்டுக்காரர் பேச்சு. காலேஜ் போகும்வரை என் பேச்சும். நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏன்?

ஜன. 5, செவ்வாய்
மழை விட்டது. எங்கு போனாலும் எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு என்ற பேச்சுதான். கச்சிராயபாளையம் ஆர்ப்பாட்டத்தில் இவரும் பேசினாராம். எட்டாவது படித்தவர். மைக் பிடித்தது முதல் தடவை. யாரோ போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.
"எம் பொண்ணு படிச்சிட்டு இன்னா பண்ணும்? நாங்க பிச்சை கேக்கலீங்க!"
கைதட்டல். இரண்டாவது தடவையும் போட்டுப் பார்த்தேன். இவர் நிலாவுக்குப் போட்டுக் காட்டினார்.
"ஐயோ! அம்மா, அப்பா காக்கா மாதிரியே பேசறாரு!"
"எந்தக் காக்கா?"
அவள் அதையும் போட்டுக் காட்டிவிட்டாள். முழுசாகப் பார்த்தார். "சோக்காதான் பேசுது" என்றார். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

ஜன. 6, புதன்
பனி. தலைவலி.
அந்தப் பழைய கார்ட்டூன் இந்தியில் வரும். ஒரு வார்த்தை புரியாது. வசனத்தைப் பிள்ளைகள் நாங்களே போட்டுக்கொள்வோம். காக்கா என் பங்கு. சந்தைக்குச் சாமையும் கடுக்காயும் சுமந்து வரும் மலைக்காரர்கள் மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவேன். வீடே சிரிக்கும். ஒரு நாள் மலைக்காரப் பெண் ஒருத்தி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள்.
என்ன நினைத்துச் சிரித்திருப்பாள்?
அப்போதும் இதே போராட்டம். ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். வயல் வழியே நடந்து போய்க் கார்ட்டூன் பார்த்தோம். எதற்குப் போராட்டம் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ஜன. 8, வெள்ளி
கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். மறந்துவிட்டேன்.
இவர்: "திங்கக்கெழம கள்ளக்குறிச்சில பேசச் சொல்லிகினு கீறாங்க. நீ படிச்சவ. நல்ல தமிழ்ல எழுதிக் குடு."
"நேத்து வரைக்கும் பேசின மாதிரியே பேசுங்களேன்."
"எவன் மதிப்பான்? பெத்த பொண்ணே சிரிக்குது."
எழுதிக் கொடுத்தேன். 'எமது நியாயமான கோரிக்கை' என்று ஆரம்பம். மறுத்திருக்க வேண்டுமோ? மறுத்தால், 'உங்களுக்கு நல்ல தமிழ் வராது' என்று சொன்ன மாதிரி ஆகாதா?
நிலாவிடம் தனியாகக் கேட்டேன். "அந்தக் காக்கா கெட்டதாடி?"
"எனக்குக் காக்காதான் பிடிக்கும். அணில் செம போர்."
இவரிடம் சொன்னேன். "நீ சொல்லிக் குடுத்தியா?" என்றார்.

ஜன. 11, திங்கள்
வெயில். துணி எல்லாம் காய்ந்தது.
இவர் மாலையில் கூட்டம் முடிந்து வந்தார். தாளைப் பார்த்தே படித்தாராம். 'கோரிக்கை'யில் இரண்டு தடவை திக்கல். பின்னாலிருந்து ஒருவன், "யோவ் மாமா, உன் வாயால பேசுய்யா, கலெக்டரு மாதிரி பேசாத!" கைதட்டல் கம்மிதானாம். இதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை. போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது.
நிலா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். "இன்னாப்பா, நல்லா பேசினியா?"
ஆசையாகத்தான் கேட்டாள். அப்படித்தான் நினைக்கிறேன்.
அவர் சிரிக்கவில்லை. அவள் கையை மெல்ல விலக்கினார்.
"'இன்னா' இல்ல பாப்பா. 'என்ன'."