வாசல் வாழை

சௌமிய வருஷம், ஆவணி, வியாழக்கிழமை.

கல்யாண வாசலில் கட்டும் வாழைமரங்கள் காரியம் முடிந்தால் குப்பைக்குத்தான் போகும். அவற்றை வாங்கி நார் உரித்துப் பூக்காரிகளுக்குக் கொடுப்பது என் பிழைப்பு. குலை தள்ளிய மரத்து நார் கொஞ்சம் முரடு. அதைச் சொல்லப்போனால் விடிந்துவிடும்.

இன்று பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டில், மேளக்காரர்கள் கிளம்பியதைப் பார்த்து, பெண் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று இரண்டு மரத்தையும் வெட்டிச் சாய்த்தேன். அவளோ உள்ளே சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏலே, எந்தங்கச்சி வாசப்படி தாண்டுமுன்ன வாழைய வெட்டுதியா?"

அவள் அண்ணன் பந்தல் கம்பால் அடித்தான். நான் விழுந்தும் விடவில்லை, முகத்தில் மிதித்தான். அரிவாளை வீசிவிட்டேன். அவன் முழங்கை பிளந்து, வாழை மேலெல்லாம் ரத்தம்.

மாப்பிள்ளையின் அப்பா வண்டியில் ஏறிக்கொண்டார். "வாசல்ல ரத்தம் விழுந்த வீட்டுப் பொண்ணு எங்களுக்கு வேண்டாம் வே."

வண்டி பெண் இல்லாமலே போயிற்று. அவள் கழுத்து மாலையோடு வாசலில் நின்றாள். அந்த மாலையும் என் நாரில் கட்டியதுதான்.

நான் அரிவாளோடு வீடு வந்துவிட்டேன். மரங்களை அந்த வீட்டார் ஒரு வண்டிக்காரனிடம் இங்கேயே அனுப்பிவிட்டார்கள். அவர்களால் பார்க்க முடியவில்லையாம்.

"உரிக்கலியா? விடிஞ்சா பூக்காரிய வந்துருவாளுவ" என்கிறாள் என் பெண்சாதி. அரிவாளைக் கழுவி வைத்திருக்கிறாள்.

எடுக்கக் கை வரவில்லை.