இரண்டு அங்குலம்

செகெட்,
12 மே 1997

அன்புள்ள வெண்டெலுக்கு,

ஒரு வருஷமாக வாய் திறக்காதவள் திடீரென்று எழுதுகிறாளே என்று நினைப்பாய். நலமாக இருக்கிறேன். தையற்கூடத்து வேலை நிரந்தரமாகிவிட்டது. நம் பதினெட்டு வருஷக் குடித்தனத்தை விட்டுக் கிளம்பும்போது, நீ எனக்குச் செய்து தந்த வில்லை மட்டும்தான் எடுத்து வந்தேன். அதற்கு அம்பு இல்லை. இங்கே கடையில் கிடைப்பவை ஒன்றுக்கொன்று சேராதவை. ஒன்று விறைப்பு, ஒன்று துவளல். பன்னிரண்டு அம்பு செய்து அனுப்புவாயா? உன்னிடம் கேட்கக் கூடாதுதான். கேட்க வேறு ஆளும் இல்லை.

முதுகுவலி எப்படி இருக்கிறது? ஈரக் கொட்டகையில் உட்கார்ந்து இறகு ஒட்டாதே.

எதெல்கா

ஷுமெக்,
26 மே

என் எதெல்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் பசை வைத்ததையே மறந்துவிட்டேன். கொட்டகை முழுக்கக் கருகல் நாற்றம். பக்கத்து வீட்டு மாரிஷ்கா வேலி வழியாக எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அம்புதான கேட்டா? நீ பாட்டுக்கு நெஞ்சையும் சேத்துக் கட்டி அனுப்பிராத" என்றாள். அனுப்பினால்தான் என்ன?

உன் வில்லை இழுக்க நாற்பது பவுண்டு விசை, நீ நாணை இழுக்கும் தூரம் இருபத்தாறு அங்குலம். மறந்தால்தானே. பைன் குச்சிகளை ஒவ்வொன்றாக இரண்டு ஆணிமேல் வைத்து, நடுவில் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு, ஒரே அளவு வளைந்ததை மட்டும் எடுத்தேன். இறகுக்கு, எப்போதும்போல் உன் நிறமான மஞ்சள் சாயம்.

மார்ட்டின் திருநாள் போட்டியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அம்பறாத்தூணியிலிருந்து எய்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. போன வருஷம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. இந்த நவம்பருக்கு நீ வந்தால் வாத்து வறுவலும் புது ஒயினும் உண்டு. வந்துவிடு. எனக்குச் சுற்றிவளைத்து எழுதத் தெரியாது.

என்றும் உன்
வெண்டெல்

செகெட்,
20 ஜூன்

அன்புள்ள வெண்டெலுக்கு,

அம்புகள் பத்திரமாக வந்தன. கை வைக்கவே மனசு வராத அழகு. ஆனால் எல்லாம் ஒரு சாண் வலப்பக்கம் தள்ளிப் போகின்றன, ஒன்றுகூடத் தப்பாமல். முனையும் வில் பிடித்த விரலில் வந்து இடிக்கிறது. இன்னும் விறைப்பாக, இரண்டு அங்குலம் நீளமாகச் செய்ய முடியுமா? வில் அதேதான்.

நவம்பர் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. கோபப்படாதே.

எதெல்கா

ஷுமெக்,
8 ஜூலை

என் எதெல்காவுக்கு,

முதலில் என்மேல்தான் சந்தேகப்பட்டேன். கண் மங்கிவிட்டதோ, வளைவைத் தப்பாக அளந்துவிட்டேனோ என்று. மிச்சமிருந்த குச்சிகளில் அம்பு செய்து, உன் வில்லோடு ஜோடியாகச் செய்தேனே, அந்த வில்லில் வைத்து, உன்னைப் போலவே இருபத்தாறு அங்குலம் இழுத்து விட்டேன். நூல் பிடித்தாற்போல் போனது.

அப்புறம் இன்னும் இரண்டு அங்குலம் கூட்டி இழுத்தேன். வில்லின் வேகம் ஏறியது, அம்பு தாங்காமல் துவண்டது, ஒரு சாண் வலப்பக்கம் போய்க் குத்தியது. முனை என் விரலையும் இடித்தது.

நாற்பத்தாறு வயதில் இடுப்பு வளரும், எதெல்கா. கை வளராது.

மாரிஷ்காவிடம் சொல்லவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல" என்பாள். உன்னிடம் ஒன்று கேட்கிறேன். தோளை இப்போது வேறு மாதிரி வைக்கிறேன், அதனால்தான் என்று ஒரு வரி எழுது. பொய்யாக இருந்தாலும் நம்பிக்கொள்கிறேன்.

உன்
வெண்டெல்

செகெட்,
3 ஆகஸ்ட்

வெண்டெல்,

அம்பு செய்கிறவனிடம் போய் இதை மறைக்கப் பார்த்தேனே, என் புத்தியை என்ன சொல்ல. அவர் பெயர் பார்னா. டிராம் ஓட்டுகிறார். பிப்ரவரியிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறோம். சுவரில் மாட்டியிருந்த வில்லைப் பார்த்துத் தானும் எய்ய ஆசைப்பட்டார். உன் அம்புப் பொட்டலத்தைப் பிரித்ததும், "யாரு செஞ்சது இது? அந்த மனுஷன நேர்ல பாத்துக் கை குடுக்கணும்" என்றார். நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

நீ கேட்ட பொய்யை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் அதை வைத்துக்கொண்டு நவம்பர் வரை காத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். நான் திரும்பி வர மாட்டேன், வெண்டெல். இனி அம்பும் வேண்டாம்.

எதெல்கா

ஷுமெக்,
24 ஆகஸ்ட்

எதெல்காவுக்கு,

கொஞ்ச நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஆனால் விரல்வரை வந்து நிற்கிற அம்பு என்றாவது ஒருநாள் கைக்குள்ளேயே பாய்ந்துவிடும். யார் கையாக இருந்தாலும் அது நான் செய்த அம்பு. பழையவற்றை ஒடித்து அடுப்பில் போடச் சொல். இத்துடன் வேறு பன்னிரண்டு அனுப்புகிறேன். நீளம் கூட்டி, விறைப்பான குச்சியாகப் பார்த்துச் செய்திருக்கிறேன். அவர் கைக்கு நேராகப் போகும்.

இறகுக்குச் சாயம் போடவில்லை. அவருடைய நிறம் எனக்குத் தெரியாது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். மார்ட்டின் திருநாளுக்கு ஒற்றையாள் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டேன்.

வெண்டெல்