பழனிச்சாமியை உள்ளே போடச் சொல்கிறார்கள்

என்றும் என் மனசில் இருக்கும் அண்ணாவுக்கு,

நீங்கள் போய் நாலாவது ஆடி வந்துவிட்டது. நல்ல சேதி சொல்லத்தான் ஆசை. ஆனால் உங்கள் மாப்பிள்ளைக்கு, என் வீட்டுக்காரருக்கு, வலது கண் போய்விட்டது அண்ணா. நீங்கள் வேலை பார்த்த அதே மண்ணரை பனியன் கம்பெனியில்தான். நூல் அறுந்தது யார் தப்பு என்று பேச்சு முற்றி, பக்கத்து மெஷின் பழனிச்சாமி ஸ்பேனரால் இவர் முகத்தில் அடித்துவிட்டான். துணியில் ஊசி தப்பிப் பின்னல் விட்ட இடத்தை ஓடுகிற மெஷினிலேயே கண்டுபிடிக்கிறவர், இப்போது ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருக்கிறார்.

முதலாளி நேற்று ஆஸ்பத்திரிக்கே வந்தார். “புகார்ல கையெழுத்துப் போடுங்க பாப்பாத்தி. ரெண்டு மூணு வருசம் உள்ள கெடந்தாத்தான் அவனுக்குப் புத்தி வரும். மத்தவனுக்கும் பயம் இருக்குமுங்க” என்றார். உங்களைப் பிடித்துக்கொண்டு போன அன்றும் இதையேதான் சொன்னார்.

யார் பயந்தார்கள் அண்ணா? உங்களோடு மெஷின் ஓட்டிய பெரியசாமியின் கையை நீங்கள் உடைத்த அன்று, விலங்கு மாட்டி மெஷின்களுக்கு நடுவே உங்களை நடத்திப் போனதைக் கம்பெனியே பார்த்தது. பழனிச்சாமியும் அங்கேதான் நின்றான். அதைப் பார்த்தவன்தான் இன்றைக்கு ஸ்பேனரைத் தூக்கியிருக்கிறான்.

பெரியசாமியின் சம்சாரம் அன்று ஸ்டேஷனில் கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். “ஏனுங்க, இவர உள்ள போட்டா எங்க ஊட்டுல அடுப்பு எரியுமுங்களா? எங்கூர்ல ஒருத்தன் கைய ஒடச்சவன், அந்தக் கை கூடற வரைக்கும் அவன் காட்டை உழுது குடுக்கோணுமுங்க. எங்க ஊட்டுக்காரர் மிசினை இவரே ஓட்டட்டுங்க.” நீங்களும் தலையைக் குனிந்துகொண்டு “ஓட்டறனுங்க” என்றீர்கள். அங்கிருந்த போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். சர்க்கார் உங்களுக்கு உள்ளே சோறு போட்டது. பெரியசாமி வீட்டில் பட்டினி. கடைசியில் அவர்கள் கணியூர்ப் பக்கம் கூலி வேலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். அப்படியானால் தண்டனை யாருக்கு?

நீங்கள் வெளியே வந்ததும், திருந்திவிட்டார் என்று ஊர் மெச்சியது. வீட்டில் உங்களைப் பார்த்தவள் நான். தண்ணீர் குடிக்கக்கூட என்னிடம் அனுமதி கேட்டு நின்றீர்கள். குழந்தை தட்டைக் கீழே போட்டால் விருட்டென்று எழுந்து சுவரோரம் நின்றீர்கள். கோபம் போயிருந்தது, கூடவே நீங்களும் போயிருந்தீர்கள். அங்கிருந்து கொண்டுவந்தது இருமல் ஒன்றுதான், அதுவே உங்களைக் கொண்டுபோய்விட்டது. இதற்குப் பெயர் திருத்துவதா? காறித் துப்பத் தோன்றுகிறது.

பழனிச்சாமிமேல் எனக்கு இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் பெயரைக் கேட்டாலே உடம்பு எரிகிறது. அவன் அம்மா வந்து “மன்னிச்சு உட்ருங்க கண்ணு” என்று அழுதாள். நான் முகம் கொடுக்கவில்லை.

கையெழுத்துப் போடட்டுமா என்று இவரிடம் கேட்டேன். “அவன் உள்ள போனா என்ற கண்ணு வந்துருமா? நீ எப்படிச் சொல்றயோ அப்படியே” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இன்று காலை கம்பெனிக்கே போனேன். “கையெழுத்துப் போட மாட்டனுங்க. இவரு மிசினைப் பழனிச்சாமி ஓட்டட்டும். அவன் சோத்துக்குப் போக மிச்சக் கூலி எங்க ஊட்டுக்கு வரட்டுங்க” என்றேன்.

“அதெப்படீங்க? அடிச்சவனைக் கம்பெனில வெச்சுக்கிட்டா ஊரு என்ன பேசும்?”

“அப்ப எங்க ஊட்டுக்கு நீங்களே படியளந்துருங்க.”

அவனை உள்ளே தள்ளிவிட்டால் தன் பொறுப்பும் தீர்ந்தது என்று முதலாளி கணக்குப் போட்டிருந்தார் போலிருக்கிறது. எத்தனை பேருக்கு வசதியாக இருக்கிறது இந்த ஜெயில். கடைசியில், “சரி, வரச் சொல்லுங்க” என்றார்.

பழனிச்சாமியிடம் நான் சொன்னது ஒன்றுதான். கூலியை யாரிடமும் கொடுத்தனுப்பக் கூடாது. சனிக்கிழமைதோறும் அவனே வரவேண்டும், இவர் கையில் கொடுக்க வேண்டும், முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அதைக் கேட்டதும், “அக்கா, அதுக்கு என்னை ஜெயிலுக்கே அனுப்பீருங்க” என்று அழுதான்.

அனுப்ப மாட்டேன் அண்ணா. உங்கள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஒரு சனிக்கிழமைகூட அவனை விடமாட்டேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
பாப்பாத்தி