கழுத்தில் ஒரு மஞ்சள் கோடு

டிசம்பர் 19, 1975. வெள்ளி

பனிமூட்டம். எதிர் வீட்டுக் கரியடுப்புப் புகையும் சேர்ந்து பத்து மணி வரை வெயிலே இல்லை.

கிளப் விழாவுக்கு இன்னும் தைக்க வேண்டியவை: மணிக்கட்டுப் பட்டை, தலைப் பட்டை, இடுப்பு பெல்ட். தைத்தபின் ரேடியம் பெயிண்ட் இரண்டு தடவை. பார்க் ஸ்ட்ரீட்டில் பார்ட்டிக்குப் போகிறவர்கள் இப்படித்தான் மின்னிக்கொண்டு போகிறார்களாம். சொன்னது மாலாதி, பக்கத்து குவார்ட்டர்ஸ், எங்களுக்கு நடனம் சொல்லித்தருபவள். என் நகக்கண்ணெல்லாம் பெயிண்ட். நேற்று கரண்ட் போனபோது அப்பா என் கையைப் பார்த்து, "மெழுகுவத்தி மிச்சம்" என்றார்.

வெள்ளிக்கிழமை வேலையும் ஆயிற்று. குளியலறையைத் தாழிட்டு, மஞ்சள் உரசி, கயிற்றில் தடவல். அ. கட்டிய கயிறு. இங்கேகூட முழுப்பெயர் எழுதப் பயம். பவானிபூர்க்காரன், ஓட்டல் பாட்டுக் குழுவுக்கு விளக்கு போடுகிறவன், என் கணவன். காளிகாட் கோயிலில் அவன் சிந்தூரம்தான் என்றான். வகிட்டில் வைத்தால் எங்கள் கார்டன் ரீச் முழுக்கத் தெரிந்துவிடும், கயிறு என்றால் ரவிக்கைக்குள் போய்விடும் என்று நான்தான் சொன்னேன். லேக் மார்க்கெட் தமிழ்க் கடையில் வாங்கியதும் நான். மூன்று முடிச்சு போடச் சொல்லிக்கொடுத்ததும் நான். என்ன சாமர்த்தியம்.

அவனுக்குத் துர்காபூர் வேலைக்கு உத்தரவு வந்ததும் வீட்டில் சொல்வதாகப் பேச்சு. உத்தரவு வரவில்லை. அதற்குள் அப்பா ஜாம்ஷெட்பூரில் ஒரு பையனைப் பார்த்துவிட்டார். பையனின் அம்மா என்னைப் பார்க்க விழாவுக்கே வருகிறாள், அடுத்த சனிக்கிழமை.

டிசம்பர் 21. ஞாயிறு

ஒத்திகை. புதுசாக ஒரு விளக்கு. மாலாதி கேட்டாள் என்று ஓட்டலிலிருந்து கொண்டுவந்தது அ.வேதான். முன்பின் தெரியாதவர்கள் போல இருவரும். "தாதா, ஒயர் தடுக்குது" என்றேன். "சரி திதி" என்றான். நான் அவனை அண்ணா என்று, அவன் என்னை அக்கா என்று. சிரிப்பு வந்தது.

பிறகு சிரிப்பு வரவில்லை. ஜன்னல் திரையை இழுத்து விளக்கைப் போட்டார்கள். குழல் விளக்குதான், ஆனால் கறுப்பு. வெளிச்சமே இல்லை, ஊதாப் புகை மாதிரி ஏதோ. வெள்ளைத் துணி, பல், எங்கள் பட்டைகள், எல்லாம் பளீரென்று. பெண்கள் ஒரே கூச்சல். கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். பிடரியிலிருந்து இரண்டு பக்கமும் ரவிக்கைக்குள் இறங்கும் ஒரு மஞ்சள் கோடு.

மஞ்சள் அந்த விளக்கில் மின்னும் என்று யாருக்குத் தெரியும்? விளக்குக்காரனுக்கே தெரியவில்லை. அவன் ஓட்டலுக்கு யாரும் மஞ்சள் பூசிக்கொண்டு வருவதில்லை.

"கழுத்துல என்ன அது?" மாலாதி.

"பெயிண்ட் பட்டுடுச்சு திதி."

"நல்லா இருக்கே. எல்லாருக்கும் கழுத்துக்கு ஒரு பட்டை தச்சிடு."

உயிர் வந்தது. பட்டைக்குள் கயிறு மறைந்துவிடும். கிளம்பும்போது ஸ்விட்ச் போர்டு பக்கம் அ. முணுமுணுத்தான்: "எதுக்கு வம்பு, ஒருநாள் கழட்டி வச்சிடேன்." அவனுக்கு அது நூல். அவனைச் சொல்லி என்ன.

டிசம்பர் 24. புதன்

கழுத்துப் பட்டைகள் முடிந்தன. ஆடும்போது நழுவினால்? கயிற்றுக்குச் சோப்பு போட்டுப் பார்த்தேன். சிவந்தது. அலசினேன். மறுபடி மஞ்சள். வாய்விட்டு அழுகை. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று சமையலறை வாசல் வரை போனேன். "அந்தம்மா முன்னாடி வாயாடாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றாள், தேங்காய் துருவிக்கொண்டே. தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெயிண்ட் காலி. ஊசி ஒரு பாக்கெட் வாங்க வேண்டும், கரியாஹாட் கடைத்தெருவில்.

டிசம்பர் 27. சனி, மதியம்

கழற்றிவிட்டேன். தலைவழியாக. பட்டன் டப்பாவில் இருக்கிறது. அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. இப்போது ஹாலில் ஏணிமேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருப்பான். ஏணிமேல். வேறெதுவும் நினைக்க முடியவில்லை.

டிசம்பர் 28. ஞாயிறு

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

திரை தூக்குமுன் இரண்டு பெண்களுக்குப் பெயிண்டால் கழுத்தெல்லாம் அரிப்பு, தடிப்பு. "எல்லாரும் கழுத்துப் பட்டையை எடுத்துடுங்க" என்றாள் மாலாதி. எடுத்தேன். எனக்கென்ன பயம், கயிறுதான் இல்லையே என்ற தைரியம்.

பாட்டு தொடங்கியது. விளக்கு. பக்கத்தில் ஆடிய ரூணு காதில் சொன்னாள்: "உன் கழுத்துல பெயிண்ட் இன்னும் போகலை."

பெயிண்ட் இல்லை. தோல். ஒவ்வொரு வெள்ளியும் தடவித் தடவி ஊறிய மஞ்சள். கயிறு இருந்த தடம் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. ஹால் முழுக்க இருட்டு. முன்வரிசையில் இரண்டு முகம் மட்டும் மங்கலாக, மஞ்சளாக. மஞ்சள் பூசிக் குளித்தவர்கள் அங்கே அவர்கள் இருவர்தான். ஜாம்ஷெட்பூர் அம்மாவும் என் அம்மாவும். இரண்டும் என்னையே பார்த்தன. கால் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

ஹால் விளக்கு எரிந்ததும் இறங்கிப் போனேன். "பொண்ணு கழுத்துல என்னமோ கோடு மாதிரி மின்னுச்சே?" என்றாள் பையனின் அம்மா.

"அதுவும் டிரெஸ்ஸோட சேர்ந்ததுதாங்க" என்றாள் அம்மா. தன் சால்வையை எடுத்து என் கழுத்தைச் சுற்றினாள். இறுக்கமாக.

இன்று காலை அம்மா சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"யாரு?"

"நேத்து விளக்கு போட்டவர்."

பால் பொங்கியது. அணைத்தாள்.

"கயிறு எங்க?"

"பட்டன் டப்பால."

"எப்ப கழட்டின?"

"நேத்து மத்தியானம்."

அப்போதுதான் அறைந்தாள். கன்னம் இன்னும் எரிகிறது.

"அந்தப் புள்ள நேத்து ஏணி மேல நின்னுச்சேடி" என்றாள். உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய்ப் போட்டுக்கிட்டு வா" என்றாள்.

போட்டுக்கொண்டேன். ரவிக்கைக்கு வெளியே. வராந்தாவில் அப்பா, பேப்பர், ஜாம்ஷெட்பூர்க்காரர்கள் எப்போது வருவார்கள் என்ற கேள்வி. இரண்டாவது காபி கேட்கிறார். நான்தான் கொண்டுபோக வேண்டும் என்கிறாள் அம்மா.