படகில் சிரிக்கும் படம்

அம்மாவுக்கு,

நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

படகுச் சவாரி விளம்பரத்தில் என் படத்தைப் பார்த்துவிட்டு, "தொர ஜாலியா ஊர் சுத்துறாரு" என்றாராமே மாமா. பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு வருடமாக அந்தப் படகைக் கழுவுகிறேன். பயணியாக ஒருநாளும் ஏறியதில்லை. படம் எடுத்த அன்று மழையில் கூட்டம் வரவில்லை. "சட்டைய மாத்திட்டு வந்து சிரி" என்று மேனேஜர் என்னை உட்காரவைத்தார். பின்னால் தெரிகிற பாலம், பூங்கா எல்லாம் கம்ப்யூட்டரில் பிறகு ஒட்டியது; அவற்றை நானே படத்தில்தான் பார்த்தேன். எடுத்து முடித்ததும், "உக்காந்த எடத்தத் தொடச்சிட்டுப் போ" என்றார்.

படத்தில் என் காலைப் பார்க்கச் சொல் மாமாவை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு எவன் ஊர் சுற்றுவான்?

சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு அனுப்பு. மேனேஜர் கூப்பிடுகிறார். அந்தப் படத்தை மட்டும் பத்திரமாக வை. இங்கே வந்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

உன் மகன்