‘நைஸ்’ சீட்டில் ஒரு கையெழுத்து

ஜூன் 3

அன்புள்ள டீச்சருக்கு,

இங்கு நலம். நீயும் உன் அண்ணன் வீட்டாரும் நலம்தானே? போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான நம் ஆங்கில அகராதியில் எல்லாச் சொல்லும் முடிந்தாயிற்று, ‘நைஸ்’ மட்டும் பாக்கி. நம் இருவர் கையெழுத்தும் இல்லாமல் எந்தச் சொல்லின் சீட்டும் அச்சுக்குப் போகாது என்று முறை வைத்தவளே நீதான். ‘இனிய, நல்ல’ என்று நான் எழுதிய சீட்டை இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. அச்சகக்காரர் உயிரை எடுக்கிறார்.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 8

என்னங்க,

எல்லோரும் நலம். அண்ணி என்னை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடுவதில்லை, அதுதான் கஷ்டம்.

கையெழுத்துப் போட மாட்டேன். அந்தச் சொல் லத்தீனில் ‘ஒன்றும் அறியாத’ என்று பிறந்தது. ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘முட்டாள்தனமான’ என்று பொருள். அப்புறம் ‘நுணுக்கம் பார்க்கிற’ என்றெல்லாம் அலைந்து திரிந்து, கடைசியில்தான் ‘இனிய’ ஆயிற்று. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்றேன். அதற்கு அச்சகத்தில் அத்தனை பேர் முன்னால், “உன்னை யாரு கேட்டா, சும்மா இரு” என்றீர்கள். இத்தனை வருஷம் உங்களோடு உட்கார்ந்து சொல் பொறுக்கியவளுக்கு இதுதான் மரியாதையா? மனசே விட்டுப்போயிற்று.

உங்களுக்குச் சீட்டு வேண்டுமா, நான் வேண்டுமா? யோசித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
டீச்சர்

பி.கு.: பிரஷர் மாத்திரை மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஜூன் 14

அன்புள்ள டீச்சருக்கு,

மாத்திரை உடனே கிடைத்தது. புத்தி கிடைக்கத்தான் கொஞ்சம் நாளாயிற்று.

நேற்று அச்சகத்துக்குப் போனேன். அன்று இருந்த அதே ஆட்கள். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, “அன்னிக்கு நான் பேசினது தப்பு. அவ சொன்னதுதான் சரி” என்றேன். அட்டை ஒட்டுகிறவர், “இதை அவங்ககிட்ட சொன்னீங்களா சார்?” என்று கேட்டார்.

சொல்கிறேன். நீதான் வேண்டும். நீ இல்லாமல் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நீ சொன்ன கதையெல்லாம் சேர்த்துப் புதுச் சீட்டு எழுதி, கையெழுத்தும் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அது உன்னிடமே இருக்கட்டும். புத்தகம் எப்போது வந்தால் என்ன, நீ வா.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 18

என்னங்க,

உங்கள் கடிதத்தை அண்ணியிடம் படித்துக் காட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள், பெட்டி கனம்.

சீட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் ‘முட்டாள்தனமான’ என்ற பொருளுக்கு எடுத்துக்காட்டாக, ‘மனைவியை அதட்டுகிற அகராதிக்காரன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் என் வீட்டுக்காரரை முட்டாள் என்று படிக்க வேண்டாம். அதை நான் மட்டும் சொன்னால் போதும்.

உங்கள்,
டீச்சர்